பட்ட மரத்தில் பதினொரு மங்கு

மச்சான்,

கட்டிப்பால் லாரியின் நாற்றம் உனக்கு மறந்திருக்காது. போன மாதம் ஒரு காலை, பாடாங் செராயில் திடலுக்கு எதிரே, அப்படி ஒரு லாரி சக்கரம் வெடித்து நின்றுவிட்டது. மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலேயே உறைந்து கட்டியான ரப்பர் பால், பல நாள் கிடந்து அழுகி, லாரியின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் சட்டிகளை எல்லாம் மூடினார். பேருந்துக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையின் அந்தப் பக்கம் போனார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். லாரிக்குப் பின்னால், திடல் வேலியில் ஒரு பேனர் கட்டியிருந்தது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் லூர்து டீச்சர் எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்து வகுப்பு நடத்துகிறார். ஆறு பேர் படிக்கிறோம். நான்தான் மூத்தவன், எழுபத்து நான்கு வயது. நாற்காலி சின்னது, முட்டி மேசையில் இடிக்கும். ஒன்றரை வருடம் ஆயிற்று. இப்போது அரிசி மூட்டை, மருந்து டப்பா, கோவில் ரசீது, சாவு அறிவிப்பு, எதைக் கண்டாலும் நின்று படிக்கிறேன். காலையில் பால் டின்னில் எழுதியிருப்பதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கோப்பி கலக்குகிறேன். கோப்பித் தண்ணீர் ஆறிவிடும். ஆறட்டும்.

"நீ எழுத்துப் படிச்சுக்க மச்சான், அப்புறம் பேசுவோம்" என்பாய். நாம் எதைப் பற்றி வாதாடினாலும் கடைசியில் அதைத்தான் சொல்வாய். அது எனக்குக் குத்தலாகவே பட்டது. நீ போய்ச் சேர்ந்து மூன்று தீபாவளி ஆகிவிட்டது. நான் படித்துக்கொண்டேன். ஆகவே பேசுவோம். என் கை மெதுவாகத்தான் போகும், ஒரு நாளைக்கு அரைப் பக்கம். உனக்கும் அவசரம் இல்லை.

பேனரில் உன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆயுள் முழுக்கக் கூப்பிட்ட பெயர்; அதில் இத்தனை எழுத்து இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு தடவை வாசித்தேன். கண் கலங்கியது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்தான் இருந்தது. பிறகு மற்றதையும் பார்த்தேன். உன் படம் தபால்தலை அளவு. பக்கத்தில் உனக்கு விழா எடுக்கும் குழுவின் தலைவர் முகம் கதவு அளவு, பல் எல்லாம் தெரிய. உன் காலடியில் தீப்பிடித்து எரிகிற ஒரு பந்து. அதற்குக் கீழே தலைவரின் மனைவி, துணைத் தலைவர்கள், துணைத் தலைவர்களுக்குத் துணையாக இன்னும் சிலர். நீ சுங்கை பட்டாணியில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டிய இருபது வருடத்தில் இந்த முகங்களில் ஒன்றுகூட உன் பேருந்துப் படியில் கால் வைத்ததில்லை. நானும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். லாரியால் அல்ல.

எழுத்துத் தெரியாதவரைக்கும் பேனர் என்றால் எனக்கு வெயிலுக்கு நிழல், அவ்வளவுதான். படிக்கத் தெரிந்தவனுக்கு அருவருப்புப்பட எவ்வளவு இருக்கிறது மச்சான். இத்தனை வருடம் அதெல்லாம் இல்லாமல் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

பேனரின் அடியில் பெரிய எழுத்தில் இருந்தது: நாட்டுக்காகப் பதினொரு கோல். அதைப் படித்ததும் மட்டும் சமாதானம் ஆனேன். அது என் கணக்கு. விழாக்குழு வீட்டுக்கு வந்து கேட்டபோது நான் சொன்னது. திடல் வாசலில் உன் பெயரில் ஒரு கல் வைக்கப் போகிறார்கள், அதிலும் அதையே வெட்டப் போகிறார்கள் என்றும் பேனர் சொன்னது.

அந்த நாற்றத்தில்தானே நாம் ஆடக் கற்றோம். மரத்தின் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, கந்தலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோம். தரையில் அடித்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. தலையால் முட்டினால் நெற்றி நாலு நாள் நாறும். நான் கோல்கீப்பர். அதை நெஞ்சோடு அணைக்கிறவன். என் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். குழாயடியில் நிறுத்தித் துணி துவைக்கிற சோப்பால் தேய்ப்பாள். நீ தள்ளி நின்று சிரிப்பாய். "பந்து நாறினா என்னா மச்சான், கோல் நாறாது" என்பாய். அந்தக் கோணல் பந்தில் பழகியதால்தான் பிறகு நல்ல பந்து உன் காலில் நாய்க்குட்டி மாதிரி கிடந்தது. கரங்கான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாநிலக் குழுவுக்குப் போனாய். அங்கிருந்து நாட்டுக் குழுவுக்குப் போனாய். உன்னை ஏற்றிக்கொண்டு போன காடியின் பின்னால் நான் லயத்து முனைவரை ஓடினேன்.

நீ போன பிறகு எனக்கு ஒரே கவலை. நீ அடிக்கும் கோல்களை யார் எழுதி வைப்பது? எனக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. அவரை எனக்குப் பிடிக்காது. நான் பால் வெட்டும் நிரையின் ஓரத்தில், பாதையைப் பார்த்தபடி ஒரு பட்ட மரம் நின்றது. பால் வற்றிப் போனதால் அதை யாரும் வெட்டுவதில்லை. கள்ளுக்கடை ரேடியோவில் ஆட்ட வர்ணனை கேட்பேன். நீ ஒரு கோல் அடித்தால், மறுநாள் காலை பால் வெட்டப் போகும்போது அந்த மரத்தில் ஒரு பீங்கான் மங்கைக் கம்பியில் கோத்து மாட்டுவேன். கவிழ்த்துத்தான் மாட்டுவேன். நிமிர்ந்திருந்தால் மழைத்தண்ணீர் தங்கும், கொசு வைக்கும்.

இரண்டாவது மங்கு ஏறியதும் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து, "ஏண்டா, மங்கு என்னா உங்கப்பன் வீட்டு சொத்தா?" என்று கத்தினார். ஆனால் கழற்றச் சொல்லவில்லை. அவரும் போகும்போது எண்ணிவிட்டுத்தான் போனார். ரேடியோ எல்லா ஆட்டத்தையும் சொல்லாது. மழை பெய்தால் கரகரப்புத்தான் கேட்கும். சில காலை போய்ப் பார்த்தால், நான் மாட்டாத மங்கு ஒன்று புதிதாகத் தொங்கும். எனக்குச் சந்தோஷம் தாங்காது. நான் கேட்காத ஏதோ ஆட்டத்தில் நீ அடித்திருக்கிறாய், அதைக் கேட்ட எவனோ வந்து மாட்டியிருக்கிறான் என்று நினைப்பேன். ஒரே குறை, அவன் மங்கை நிமிர்த்தி மாட்டியிருந்தான். அதற்காகக் கழற்றுவதா? விட்டுவிடுவேன். இப்படித்தான் பதினொன்று ஆயிற்று.

கிராணி ஒரு நாள் மாலை கள்ளுக்கடை வாசலில் நின்று, "ஏழுதான்பா. பேப்பர் பாத்து சொல்றேன்" என்றார்.

"பேப்பர் பாக்கறவங்களுக்கு என்னா தெரியும்? போயி மரத்த பாருங்க" என்றேன்.

"ஏன், மரமா கோல் அடிச்சுது?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "தோட்டத்துக்காரன் பேர் எடுத்தா கிராணிக்கு வவுறு எரியுது" என்று சொல்லி, வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை அவர் காலடியில் துப்பினேன். அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தில் அது சிவப்பாகத் தெறித்தது. அவர் குனிந்து பார்த்தார். நடந்து போய்விட்டார். அவர் சாகும்வரை நான் அவரோடு பேசவில்லை. சாவு வீட்டுக்கும் போகவில்லை.

நீ விடுமுறையில் வந்தாய். வந்த மறுநாளே உன்னை இழுத்துக்கொண்டு மரத்தைக் காட்டப் போனேன். பக்கத்து நிரையில் பெண்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை பாக்கியமும் அவர்களோடு இருந்தாள்.

"எத்தன இருக்குனு எண்ணு பாப்போம்" என்றேன்.

நீ எண்ணினாய். திரும்ப ஒரு தடவை எண்ணினாய். "இந்த நாலு மட்டும் ஏன் மச்சான் நிமுந்து இருக்கு?"

"எவனோ அறிவு கெட்டவன் மாட்டினது. கொசு வக்கும்னுகூட தெரியல."

பாக்கியத்தின் புல்வெட்டும் கத்தி நின்றது. நிமிர்ந்து பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். நீ அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அந்த நாலு மங்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே கிடந்த பச்சைத் தண்ணீரையும் புழுவையும் கொட்டி, உன் சட்டை முனையால் துடைத்து, மறுபடியும் நிமிர்த்தியே மாட்டினாய். எனக்கு அருவருப்பாக இருந்தது. நாட்டுக் குழுவில் கொடுத்த சட்டை அது.

"கவுத்து மாட்டுடா" என்றேன்.

"இருக்கட்டும் மச்சான். போட்டவங்க போட்டபடி இருக்கட்டும்."

"பதினொண்ணு சரிதான?"

"நீ எழுத்துப் படிச்சுக்க, அப்புறம் பேசுவோம்" என்றாய். உன் முகத்தில் ஏதோ ஒரு சிரிப்பு. புகழ் வந்தவன் அடக்கமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் பாக்கியத்தைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினாய். அந்தச் சம்பந்தத்தை நான்தான் செய்து வைத்தேன் என்று நேற்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணத்துக்குக் கிராணியும் வந்தார். காக்கி உறை போட்ட ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தை உன் கையில் கொடுத்தார். உள்ளே பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டுகள். "கல்யாணத்துக்குப் பழைய பேப்பர் குடுத்த முத ஆளு இவன்தான்" என்று நான் உன் காதில் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. அதைப் பட்டுத் துணிகளோடு அலமாரியில் வைத்தாய். முட்டி போய், ஆட்டம் போய், பேருந்து ஓட்டப் போய், பாக்கார் ஆராங்கில் வீடு வாங்கிக் குடியேறியபோதும் அந்தப் புத்தகம் உன்னோடு போயிற்று.

இனி இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

பேனர் கட்டிய அதே வாரம், கோப்பிக் கடையில் செல்வம் தன் கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். கூலிம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன், ஐம்பது வயது இருக்கும்.

"அண்ணே, இதுல ஏழுதான் போட்ருக்கான்."

"அது மிசின். மிசினுக்கு என்னா தெரியும்?"

"அப்ப மீதி நாலு? ஒங்க மச்சான் கனவுல அடிச்சாரா? சும்மா ஊரெல்லாம் கப்சா உட்டுட்டு இருந்திருக்காருலா."

கடையே சிரித்தது. ஒருவன், "பஸ் ஓட்டறப்ப அடிச்ச கோலையும் சேத்திருப்பாருலா" என்றான். கோப்பியைத் தள்ளி வைத்தேன். நீ உன் கோல்களைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவாய். உன்னைப் போய், உன் பெயர் எழுதிய பேனருக்கு இருபது அடி தூரத்தில், புளுகன் என்கிறார்கள். கல் வைத்தால் அது கல்லிலும் நிற்கும். போகிறவன் வருகிறவன் எல்லாம் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கல்லைப் பார்த்துச் சிரிப்பான். பத்திரிகைத் துண்டுகளைக் கொண்டுவந்து இவர்கள் மூஞ்சியில் எறிகிறேன் என்று அன்றைக்கே பாக்கார் ஆராங்குக்குப் பேருந்து ஏறினேன்.

உன் வீட்டு வாசல் ஜன்னலோரம் எப்போதும் நாலு பழைய பால் மங்குகள் இருக்குமே. மூன்றில் ஏதோ செடி. நாலாவது எனக்கு. போகும்போதெல்லாம் அதை எடுத்து வைத்துக்கொண்டு வெற்றிலை எச்சில் துப்புவேன். எத்தனை வருடமாக என்று நினைவில்லை. நான் கிளம்பிய பிறகு பாக்கியம் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவாள். அன்றைக்கும் நாற்காலியில் உட்கார்ந்ததும் கை தானாக அதை எடுத்தது. துப்பிவிட்டுப் புத்தகத்தைக் கேட்டேன். பாக்கியம் கொஞ்சம் தயங்கினாள். பிறகு எடுத்துவந்து கொடுத்தாள்.

இரண்டு நாள் அங்கேயே தங்கிப் படித்தேன். கஞ்சிப் பசையில் ஒட்டியது; ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தேன். மழையில் வழுக்கிய திடலில் இடக்காலால் அடித்தது. மூன்று பேரைக் கடந்துபோய், கோல்கீப்பரையும் உட்கார வைத்துவிட்டு மெதுவாக உருட்டியது. கார்னர் பந்தைத் தலையால் முட்டியது. அதைப் படித்தபோது என் நெற்றியில் ஒட்டுப்பால் நாறியது. ரேடியோவில் நான் பாதி கேட்டதெல்லாம் முழுதாக வந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இரண்டு நாள் வேறு இல்லை. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு எண் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழோடு நின்றது. அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். கிராணியின் கையெழுத்து, அச்சு மாதிரி: "நம் தோட்டத்துப் பிள்ளை நாட்டுக்காக அடித்தது. ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல்."

அந்த வெள்ளைச் சப்பாத்து ஞாபகம் வந்தது. என் வாய் எனக்கே நாறியது.

"பாக்கியம், இதுல ஏழுதான் இருக்கு."

"ஏழுதான் அண்ணே."

"ஒனக்குத் தெரியுமா?"

"ஆறாவது வரைக்கும் படிச்சவதான நான்."

"அப்ப மரத்துல நாலு கூட மாட்டினவன் எவன்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுபது வயதுக்காரி, கழுத்து சிவந்தது. "எவன் எவன்னு ஏன் கேக்கறீங்க" என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுத்துக் கூட்டுகிற மாதிரியே அதையும் மெதுவாகத்தான் கூட்டினேன்.

"காலையில தமிழ்ச் செய்தியில அவரு பேரு சொல்வாங்க" என்றாள். "நீங்க ஒண்ணு மாட்டியிருப்பீங்கனு தெரியும். இருந்தாலும் நானும் ஒண்ணு மாட்டினேன். ஏழுக்கும் மாட்டியிருப்பேன். மூணு தடவ அந்த மண்டோர் அங்கயே நின்னுட்டான்."

"ஏன் நிமுத்தி மாட்டின?"

"கவுத்தா ஒங்களதோட கலந்துரும். வேற ஆளு மாட்டினதுனு அவருக்குத் தெரிய வேணாமா?"

"அறிவு கெட்டவன்னு சொன்னேனே."

"கேட்டுச்சு."

அப்புறம் அவள் ஜன்னலோரம் இருந்த மங்குகளைத் தொட்டாள். "கித்தா மரத்த வெட்டி செம்பன நட்டப்ப, இவரு ஒரு நாளு லீவு போட்டுட்டுப் போயி எடுத்தாந்தாரு. இந்த நாலு மட்டும்."

நான் நாலாவதைப் பார்த்தேன். காலையில் துப்பியது உள்ளே அப்படியே இருந்தது, நுரையோடு.

மச்சான், கட்டிப்பால் லாரி பார்த்தேன், தலைவரின் பல்லைப் பார்த்தேன். அந்த மங்கைப் பார்த்தபோது வந்த அருவருப்பு வேறு. வாயைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை.

"ஏன் பாக்கியம் சொல்லல?"

"என்னானு சொல்றது? 'அண்ணே, அதுல துப்பாதீங்க, அது நான் கல்யாணத்துக்கு முன்னாடி அவருக்கு மாட்டினது'னா? நான் மொனகுனா அவரு சிரிப்பாரு. 'விடு, மச்சான் வாய்க்கு ஒண்ணு போகட்டும்'பாரு."

நீ சொல்லியிருப்பாய். உன் குரலே கேட்டது.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவரு பொய் சொல்லாத மனுசன். கல்லுல இருந்து அந்த நம்பர எடுக்கச் சொல்லுங்க. ஆனா என் பேர இழுக்காதீங்க அண்ணே. மருமக, பேரப் புள்ளைங்க எல்லாம் அங்க ஒக்காந்திருப்பாங்க. இந்த வயசுல என்னால தலை நிமுர முடியாது."

மறுநாள் தலைவரின் கடைக்குப் போனேன். குளிர்சாதன அறை. அவர் ஏதோ வாசனை பூசியிருந்தார்.

"கல்லு வெட்டியாச்சுங்க ஐயா. பதினொண்ணுனா ஒரு டீம் மாதிரி, அம்சமா இருக்கு. ஏழுனா பெரிய ஆளுங்க என்னா நெனப்பாங்க? ஏழு கோலுக்கா கல்லுனு கேக்க மாட்டாங்க?"

"அடிச்சது ஏழுதான்."

"யாருலா எண்ணப் போறா?"

"நான் எண்ணினேன்."

"பதினொண்ணுனு சொன்னதும் நீங்கதான" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை இரண்டு தடவை துவைத்தேன். வாசனை போகவில்லை.

விழாவில் குடும்பத்தின் சார்பில் பேச எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள். கிழவன் நன்றி சொல்லிவிட்டு உட்காருவான் என்று நினைத்திருப்பார்கள். நான் நாலு நாள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கூடாரத்துக்குள், ஒலிவாங்கி முன்னால் அந்தத் தாளை விரித்தேன். ஊருக்கு முன்னால் நான் படித்த முதல் எழுத்து நானே எழுதியது. எழுதியது இவ்வளவுதான்:

"இவர் நாட்டுக்காக அடித்தது ஏழு கோல். பதினொன்று என்று சொன்னவன் நான். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. மரத்தில் மங்கு மாட்டி எண்ணினேன். தப்பாக எண்ணினேன். இவர் எந்த நாளும் பதினொன்று என்று சொன்னதில்லை. தோட்டத்துக் கிராணி ஐயா சரியாக எழுதி வைத்தார். அவரை நான் பொய்யன் என்று நினைத்து அவமானம் செய்தேன். அவர் உயிரோடு இல்லை. மன்னிப்பை இங்கே கேட்கிறேன்."

பிறகு ஏழு கோலையும் புத்தகத்தில் இருந்தபடியே ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், இருமினார், ஒலிபெருக்கிக்காரனுக்குக் கண் காட்டினார். நான் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனேன். "தப்பாக எண்ணினேன்" என்ற இடத்தில் பாக்கியம் மடியைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பின்வரிசையில் ஒருவன், "எண்ணத் தெரியாத கெழவன நம்பி கல்லு வெட்டிருக்கானுங்க" என்றான். கேட்டது. அது சரிதான் என்று விட்டுவிட்டேன். செல்வம் கையில் கைத்தொலைபேசி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

விருந்தாளியாக வந்திருந்த மலாய் அதிகாரிக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்து, "ஜாடி பெராப்பா, பாச்சே?" என்று கேட்டார், ஆகக் கடைசியில் எத்தனை என்று.

"தூஜோ, துவான்" என்றேன். ஏழு.

அவர் தலையாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தார். பட்டுத்துணி விழுந்தது. தங்க எழுத்தில் 11. கூடாரம் முழுக்கச் சிரித்தது. தலைவர் மட்டும் பேனரில் இருந்த அதே சிரிப்போடு நின்றார். பல் எல்லாம் தெரிந்தது.

இப்போது அந்த எண்ணின் மேல் சிவப்புத் தாளில் 7 அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். புதுக் கல் வருமாம். வரட்டும், பார்ப்போம். மழை பெய்தால் தாளின் ஓரம் தூக்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற 11 எட்டிப் பார்க்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது மச்சான். நல்ல கல்லின் மேல் அம்மைக் கொப்புளம் மாதிரி. தினமும் காலை கோப்பிக்குப் போகிற வழியில் நின்று, கட்டை விரலால் அழுத்திவிட்டுப் போகிறேன். செல்வமும் ஒரு நாள் அழுத்துவதைப் பார்த்தேன்.

நாலாவது மங்கை நானே கழுவினேன். புளி போட்டேன், சாம்பல் போட்டேன், மணல் போட்டுத் தேய்த்தேன். பாக்கியம் கதவோரம் நின்று, "போதும் அண்ணே, தேஞ்சிரப் போவுது" என்றாள். வெளிப்பக்கம் புதுசு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே, பீங்கானில் விழுந்த மயிர்க்கோடுகளில் இறங்கிய வெற்றிலைச் சிவப்பு மட்டும் போகவில்லை. அது என்னுடையது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இப்போதெல்லாம் உன் வீட்டுக்குப் போனால் வெற்றிலை போடுவதில்லை. வாய் சும்மா இருக்கிறது. பழகிவிடும்.

போன வாரம் போயிருந்தபோது நல்ல மழை. ஜன்னலோரம் அந்த மங்கில் தண்ணீர் நிரம்பி நின்றது. செடி இன்னும் வைக்கவில்லை.

"கவுத்து வையேன் பாக்கியம், கொசு வக்கும்" என்றேன்.

அவள் வெளியே போய், தண்ணீரைக் கொட்டி, முந்தானையால் துடைத்து, நிமிர்த்தியே வைத்தாள்.

"போட்டபடி இருக்கட்டும் அண்ணே" என்றாள்.

கோல் ஏழு. மங்கு நாலு. இரண்டையும் நான் இனிக் கூட்டுவதில்லை.